மூடினால் தூங்கும், திறந்தால் எழாது

லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுச் சோதிப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். வந்து குவிந்ததில் பாதி, தூக்கம் வராத லேப்டாப்களைப் பற்றியது. மீதிப் பாதியை எழுதியவர்கள் தூக்கம் வராத மனிதர்கள்.

கே: ஒரு லேப்டாப் மாடலின் பெயருக்குப் பக்கத்தில் ‘சோதனை நிலை ஆதரவு’ என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

ப: டிரைவரை எழுதியவர் உங்கள் லேப்டாப்பைக் கண்ணால் பார்த்ததில்லை என்று அர்த்தம். அவரிடம் அதே சிப் போட்ட வேறு மாடல் இருக்கலாம். அதுவும் இல்லாமல், யாரோ அனுப்பிய பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியிருக்கலாம். லினக்ஸ் கெர்னலில் ஒரு காலத்தில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்றே ஒரு சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டால்தான் அரைவேக்காட்டு டிரைவர்கள் கண்ணில் படும். நாளடைவில் அவசியமான சமாசாரங்கள் பலவும் அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் சேர்ந்துவிட்டதால், எல்லா டிஸ்ட்ரோக்களும் அதைப் போட்டே வைத்தன. எல்லோரும் போட்டே வைத்திருக்கிற சுவிட்ச் எதற்கு என்று 2013 வாக்கில் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். எச்சரிக்கைப் பலகை போயிற்று, பள்ளம் அங்கேயே இருக்கிறது.

கே: அதே லேப்டாப்பில் விண்டோஸ் ஒழுங்காக ஓடுகிறது. லினக்ஸ் போட்டால் டச்பேட் செத்துவிடுகிறது. குற்றவாளி யார்?

ப: லேப்டாப் கடைக்கு வருவதற்கு முன்பே தயாரிப்பாளர் விண்டோஸை வைத்துப் பார்த்து, முரண்டு பிடிக்கிற இடத்திலெல்லாம் ஒட்டுப்போட்டு அனுப்புகிறார். லினக்ஸ்காரருக்கோ, பெரும்பாலும் உங்களைப் போலவே கடையில் வாங்கிய பிறகுதான் அது கைக்கு வருகிறது. சிப்பின் விவரக் கையேடு பல சமயம் அப்போதும் வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேப்டாப்பின் பயாஸுக்குள் ஏசிபிஐ என்ற அட்டவணைகள் இருக்கின்றன. எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது, எதை எப்படி எழுப்புவது, எப்படி அணைப்பது என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். பூட் ஆகும்போது அது ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பார்த்து ‘நீ இன்ன விண்டோஸா?’ என்று விசாரிக்கும். பதிலுக்குத் தகுந்தாற்போல் டச்பேடையோ திரை வெளிச்சத்தையோ அமைத்துக் கொடுக்கும். லினக்ஸ் கூசாமல் ‘ஆமாம்’ என்கிறது. பழைய விண்டோஸா என்றாலும் ஆமாம், புதுசா என்றாலும் ஆமாம். ‘நீ லினக்ஸா?’ என்று கேட்டால் மட்டும் ‘இல்லை’. உண்மையைச் சொன்ன காலத்தில், தயாரிப்பாளர் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காத வழியில் போய் முட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பொய் சொன்னால் சோதித்த வழி கிடைக்கிறது. ஆள்மாறாட்டத்தில் எங்கேயோ பிடிபட்டதுதான் உங்கள் டச்பேட்.

கே: சோதித்தால் லேப்டாப் எரிந்துபோகுமா?

ப: எரியாது. சாகலாம். மிக அபூர்வம், ஆனால் வரலாறு உண்டு.

2008-இல் கெர்னல் 2.6.27 தயாராகிக்கொண்டிருந்தபோது, அதைச் சோதித்தவர்களின் இன்டெல் நெட்வொர்க் சிப்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. சிப்புக்குள் நிரந்தரமாக எழுதிவைத்திருக்கும் விவரங்கள் அழிந்துபோயின. எல்லோரும் அந்த நெட்வொர்க் டிரைவரைப் பிடித்து உலுக்கினார்கள். கடைசியில் பார்த்தால் டிரைவர் நிரபராதி. கெர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் எஃப்டிரேஸ் என்ற கருவி, எப்போதோ காலியான ஒரு நினைவக முகவரியில் எழுதப் போயிருக்கிறது. அதற்குள் அந்த முகவரிக்கு நெட்வொர்க் சிப் குடிவந்துவிட்டது. துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் படிக்க வேண்டிய வழக்கு.

2013-இல் சில சாம்சங் லேப்டாப்களை யுஇஎஃப்ஐ முறையில் லினக்ஸுக்கு பூட் செய்தவர்கள், அதன்பிறகு எதற்கும் பூட் செய்ய முடியாமல் போனார்கள். முதல் பழி சாம்சங்குக்கான லினக்ஸ் டிரைவர்மீது. பிறகு மேத்யூ காரட் என்ற கெர்னல்காரர், ஃபர்ம்வேரின் சேமிப்பிடத்தைக் கொஞ்சம் அதிகமாக நிரப்பினாலே அந்த லேப்டாப் செத்துவிடும், விண்டோஸிலிருந்தே அதைச் செய்யலாம் என்று காட்டினார்.

2017 டிசம்பரில் உபுண்டு 17.10-ஐயே தளத்திலிருந்து இறக்க முடியாதபடி எடுத்துவிட்டார்கள். சில லெனோவோ லேப்டாப்களில் அதை நிறுவியதும் பயாஸ் பூட்டிக்கொண்டது. எந்த மாற்றமும் சேமிக்காது, பென் டிரைவிலிருந்து பூட் ஆகாது. பயாஸ் சிப்போடு பேசும் ஓர் இன்டெல் டிரைவரை, பொதுமக்கள் கைக்குத் தராமல் வைத்திருக்க வேண்டியதை, இயக்கிவிட்டதுதான் காரணம். திருத்திய பதிப்பு 2018 ஜனவரியில் வந்தது. இது சோதனைப் பதிப்பில் நடந்ததல்ல, ‘தயார்’ என்று முத்திரை குத்தி வெளியிட்டதில் நடந்தது. 2022-இல் கெர்னல் 5.19.12 வந்தபோது சில இன்டெல் லேப்டாப்களின் திரை வெள்ளையாக வெட்டியது. திரைக்கு மின்சாரம் கொடுப்பதற்கும் நிறுத்துவதற்கும் இடையில் விடவேண்டிய தாமதத்துக்குத் தப்பான எண் போயிருந்தது. பேனலுக்கே சேதம் வரலாம் என்று இன்டெல்லின் பொறியாளரே எச்சரித்தார். சில நாட்களில் 5.19.13 வந்தது.

நான்கையும் அடுக்கிப் பார்த்தால் பயப்பட வேண்டிய இடங்கள் தெரியும்: எழுதினால் நிலைத்துவிடும் சிப்கள், அப்புறம் மின்சாரத்தை அளந்து கொடுக்கும் இடங்கள். வைஃபை வராமல் போனதற்கெல்லாம் யாரும் மதர்போர்டு மாற்றியதில்லை.

கே: அப்படியானால் சோதிப்பவருக்குத் தைரியம் வேண்டும், இல்லையா?

ப: இரண்டாவது லேப்டாப் வேண்டும்.

கே: சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கப்போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

ப: வேலை செய்யவா, சோதிக்கவா? வேலை செய்ய என்றால், கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துப் போட்ட திங்க்பேட், லாட்டிட்யூட் வகையறாவில் மூன்று நான்கு வருடம் பழையதாக ஒன்று. அதற்குள் அந்த மாடலின் வியாதிகளை மற்றவர்கள் பட்டுத் தீர்த்திருப்பார்கள். சோதிக்க என்றால் நேர் எதிர்: எவ்வளவுக்கு எவ்வளவு புதுசோ, எவ்வளவுக்கு எவ்வளவு யாரும் வாங்காததோ, அவ்வளவுக்கு உங்கள் சோதனைக்கு மதிப்பு. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: பையில் ஒரு பென் டிரைவோடு போங்கள், கடையிலேயே பூட் செய்து பாருங்கள். ‘பயாஸ் பாஸ்வேர்டு இருக்கு சார், எடுத்துடலாம்’ என்று கடைக்காரர் சொன்னால், அவர் எடுத்த பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கே: பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் பரணில் இருக்கிறது. அதில் சோதிக்கலாமா?

ப: தாராளமாக. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்களில், விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. புதிய கெர்னல் பழைய இயந்திரத்தில் இன்னும் ஓடுகிறதா என்று சொல்ல ஆள் மிகக் குறைவு. கெர்னல்காரர்கள் எல்லோரும் புது லேப்டாப்புக்கு மாறிவிடுகிறார்கள், பழையதில் உடைந்தால் சொல்வதற்கு நாதியில்லை.

கே: நிறுவாமல், பென் டிரைவில் பூட் செய்தே என்னென்ன பார்க்கலாம்?

ப: கிட்டத்தட்ட எல்லாம். வைஃபை, ப்ளூடூத், ஸ்பீக்கர், மைக், ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கர் தானாக அடங்குகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள், கேமரா, எச்டிஎம்ஐ, யூஎஸ்பி-சி வழியாக இன்னொரு திரை, மூடித் திறந்தால் எழுகிறதா. பலர் வைஃபை வந்ததும் ‘எல்லாம் சூப்பர்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். மைக்கைச் சோதிப்பவர்கள் மிகக் குறைவு. அதனால் மைக் கெட்டிருப்பது முதல் ஆன்லைன் மீட்டிங்கில்தான் தெரியவருகிறது. அதுவரை உங்களுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

கே: லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போய் எடுத்தால் தொட முடியாத சூடு. பேட்டரி காலி. மூடினால் தூங்க வேண்டாமா?

ப: அது தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது.

பழைய லேப்டாப்களில் எஸ்3 என்றொரு தூக்கம் இருந்தது. ரேமுக்கு மட்டும் சொட்டு மின்சாரம், மற்றதெல்லாம் அணைந்துவிடும். அணைக்கிற பொறுப்பு பெரும்பாலும் பயாஸுடையது. ஆபரேட்டிங் சிஸ்டம் ‘நான் படுக்கிறேன்’ என்று சொன்னால் போதும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3-ஐயே எடுத்துவிட்டார்கள். போன் மாதிரி, தூங்கும்போதும் மெயில் வர வேண்டுமாம். இப்போது பொறுப்பு முழுக்க ஆபரேட்டிங் சிஸ்டத்தின் தலையில். ஒவ்வொரு சாதனத்தையும் தனித்தனியாகத் தட்டித் தூங்கவைக்க வேண்டும். எல்லாம் தூங்கினால்தான் பிராசசர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். எஸ்எஸ்டியோ கார்டு ரீடரோ, ஒன்றே ஒன்று முழித்திருந்தால் போதும், மொத்த வீடும் முழித்திருக்கும். விண்டோஸ் வைத்திருக்கும் நண்பரைக் கேளுங்கள், அவர் பையும் சில நாள் சுட்டிருக்கும்.

சோதிக்கும் வழி இது. சிஸ்டத்தின் ‘மெம்_ஸ்லீப்’ கோப்பில் ‘டீப்’ என்ற சொல் இருந்தால் உங்களுக்கு எஸ்3 உண்டு, ‘எஸ்2ஐடில்’ மட்டும் இருந்தால் புது வகைதான். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, இரவு மூடிவையுங்கள், காலையில் எழுந்ததும் பாருங்கள். சில சதவீதம் குறைந்திருந்தால் தூங்கியிருக்கிறது. பாதி போயிருந்தால் முழித்திருந்திருக்கிறது. யார் முழித்திருந்தது என்று கண்டுபிடிக்க ஏஎம்டியும் இன்டெல்லும் தனித்தனிக் கருவிகளை வெளியிட்டிருக்கின்றன, அவற்றை ஓட்டினால் பல நேரம் குற்றவாளியின் பெயரே வரும். ஒருமுறை எழுந்துவிட்டது என்பதை வைத்துச் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். ‘ஆர்டிசிவேக்’ என்ற கட்டளை, லேப்டாப்பைத் தூங்கவைத்துக் குறித்த நேரத்தில் எழுப்பும். அதைச் சுற்றில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். ஐம்பதாவது தடவை எழாமல் போகிற பிழைகள்தான் அதிகம் படுத்துபவை.

கே: ‘ஆடியோ வேலை செய்யவில்லை’ என்று பிழை அறிக்கை கொடுத்தேன். மாதக்கணக்கில் பதிலே இல்லை. ஆணவமா?

ப: நீங்கள் அனுப்பியதை டிரைவர் எழுதியவரின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். ‘ஆடியோ ஒர்க் ஆகலை, அர்ஜென்ட்.’ எந்த லேப்டாப், எந்த கெர்னல், ஸ்பீக்கரா ஹெட்போனா, முன்பு வந்ததா, வந்ததே இல்லையா? அவர் பதில் எழுத வேண்டுமானால் முதலில் ஒரு கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். அவருக்கு உங்கள் லேப்டாப்பில் கை வைக்க வழியில்லை. நீங்கள் எழுதுவதுதான் அவருக்குக் கண்ணும் காதும்.

இப்படி எழுதியிருந்தால்: ‘மாடல் இன்னது, பயாஸ் பதிப்பு இன்னது. கெர்னல் 6.8-இல் ஸ்பீக்கரில் ஒலி வந்தது, 6.9-இல் வரவில்லை. ஹெட்போன் இரண்டிலும் சரி. ஒருமுறை தூங்கி எழுந்தால் 6.9-இலும் ஒலி வருகிறது. இரண்டு கெர்னலின் டிமெஸ்ஜி பதிவுகளும் இணைப்பில்.’ அந்த ‘தூங்கி எழுந்தால் வருகிறது’ என்ற வரியைப் பார்த்ததும் டிரைவர்காரர் நிமிர்ந்து உட்காருவார். எழும்போது சிப்பை மறுபடி தொடங்கிவைக்கிறார்கள், முதல் பூட்டில் அதில் ஏதோ விட்டுப்போகிறது என்று அவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. சரிசெய்வது பல நேரம் ஒரே வரிதான். கெர்னலுக்குள் லேப்டாப் மாடல் பெயர்களின் நீண்ட பட்டியல்கள் இருக்கின்றன. இந்த மாடலென்றால் மைக் சிப்பின் வேறு காலில் இருக்கும், அந்த மாடலென்றால் வெளிச்சத்தை அப்படி மாற்று, இன்னொன்றில் இதைத் தொடாதே என்று. அந்தப் பட்டியலில் உங்கள் மாடலைச் சேர்க்க, மாடல் பெயரின் சரியான எழுத்துகளும் ஒரு சாட்சியும் வேண்டும்.

கே: ‘பைசெக்ட் செய்து சொல்லுங்கள்’ என்று பதில் வந்தது. கெட்ட வார்த்தையா?

ப: பாராட்டு. உங்கள் அறிக்கையை நம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு கெர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினாலாயிரம் மாற்றங்கள் இருக்கலாம். அவற்றில் எது உங்கள் ஸ்பீக்கரை ஊமையாக்கியது? நடுவில் வெட்டி, அந்தக் கெர்னலைத் தொகுத்து பூட் செய்து பார்ப்பது. ஒலி வந்தால் குற்றம் பின்பாதியில், வராவிட்டால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி வெட்டுவது. இப்படி வெட்டிக்கொண்டே போனால் பதினான்கு தடவைக்குள் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்கலாம். அதை எழுதியவரின் பெயரும் அங்கேயே இருக்கும். கெர்னலைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் இதைச் செய்யலாம், ‘சரி’, ‘தப்பு’ என்று இரண்டு சொல் தெரிந்தால் போதும். பதினான்கு தடவை தொகுக்க ஒரு வாரக் கடைசி போய்விடும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: ஏஐயிடம் கேட்டேன். கெர்னல் வரியில் ‘ஏசிபிஐ=ஆஃப்’ சேர்க்கச் சொன்னது. பூட் ஆகிவிட்டது! இனி அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

ப: மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தியாயிற்று. ஏசிபிஐ போனால் பேட்டரி அளவு, தூக்கம், மின்விசிறிக் கட்டுப்பாடு எல்லாம் கூடவே போகும். பூட் ஆனதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, ‘இதை அணைத்தால் பூட் ஆகிறது’ என்று அறிக்கையில் எழுதுங்கள். பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

கே: ஆப்பிள் எந்த ஆவணமும் தரவில்லை. பிறகு எம்1 மேக்புக்கில் எப்படி லினக்ஸ் ஓடுகிறது?

ப: ஒட்டுக்கேட்டு. அசாஹி லினக்ஸ் என்ற குழு செய்த வேலை இது. 2020 நவம்பரில் எம்1 வந்ததும் ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிவைத்தார். ஆப்பிள் ஒரு கதவை மட்டும் பூட்டாமல் விட்டிருந்தது: ஐபோனைப் போலன்றி, மேக்கில் சொந்தக்காரர் விரும்பினால் வேறு கெர்னலை பூட் செய்துகொள்ளலாம். அந்தக் கதவின் வழியாக எம்1என்1 என்ற சின்ன மென்பொருளை நுழைத்து, அதன்மேல் மேக்ஓஎஸ்ஸையே ஓடவிட்டார்கள். மேக்ஓஎஸ் எந்தச் சிப்பில் எந்த முகவரிக்கு எந்த எண்ணை எழுதுகிறது என்பதையெல்லாம் அது குறித்துக்கொள்ளும். குறிப்பைப் பார்த்துச் சிப்பின் நடத்தையை ஊகித்து, சொந்தமாக டிரைவர் எழுதினார்கள்.

2022 மார்ச்சில் முதல் ஆல்ஃபா வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலைக் கடைசியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னல் 5.19-ஐ ஒரு எம்2 மேக்புக் ஏரிலிருந்தே வெளியிட்டார், அதில் ஓடியது அசாஹி. கிராபிக்ஸ் டிரைவர்தான் மலை. கெர்னல் பக்கம் அசாஹி லினா என்ற பெயரில் எழுதியவர் ரஸ்ட் மொழியில் எழுதினார். பயனர் பக்கம் அலிசா ரோசன்ஸ்வைக். 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் தரத்தின் 4.6 பதிப்புக்குத் தரச்சான்று கிடைத்தது. அதே வன்பொருளில் ஆப்பிள் தன் சொந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் தருவது 4.1-ஓடு நிற்கிறது.

எனக்குப் பிடித்தது ஸ்பீக்கர் கதை. மேக்புக்கின் ஸ்பீக்கர்கள் சின்னவை, அவற்றை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்கள் முரடு. மேக்ஓஎஸ், ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் எவ்வளவு சூடாகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே பாட்டுப் போடுகிறது. அந்தக் கணக்கு இல்லாமல் சத்தத்தை மட்டும் திறந்துவிட்டால் ஸ்பீக்கர் கருகும். அதனால் அந்தச் சூட்டுக் கணக்கைத் தாங்களே எழுதி, மாடலுக்கு மாடல் அளந்து பார்க்கும்வரை, டிரைவர் தயாராக இருந்தும் ஸ்பீக்கரைப் பூட்டியே வைத்திருந்தார்கள். ஹெட்போனில் கேளுங்கள் என்றார்கள். பயனர்கள் திட்டினார்கள். பூட்டைத் தாங்களாகத் திறக்கும் வழியைத் தேடிப் பிடித்தவர்களும் உண்டு, அவர்களை மட்டும் சோதனையாளர் என்று சொல்ல மாட்டேன்.

கே: அப்படியானால் புது மேக்புக் வாங்கலாமா?

ப: எம்1, எம்2 என்றால் சரி. எம்3 2023 அக்டோபரில் வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அதற்குச் சாதாரண ஆள் நிறுவுகிற நிலை வரவில்லை. 2025 பிப்ரவரியில் ஹெக்டர் மார்ட்டினும் விலகிவிட்டார், குழு தொடர்கிறது. ஒவ்வொரு புது சிப்பிலும் மாறிய பகுதிகளுக்கு மறுபடி ஒட்டுக்கேட்க வேண்டும். ஆப்பிள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டே இருக்கிறது.

கே: ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்? குவால்காமே லினக்ஸுக்கு வேலை செய்கிறதாமே?

ப: செய்கிறது. செய்தும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2024 ஜூனில் லேப்டாப்கள் கடைக்கு வந்தன. இன்டெல், ஏஎம்டி லேப்டாப்பில் ஏசிபிஐ அட்டவணை சொல்கிற விவரத்தை, இங்கே ஒவ்வொரு மாடலுக்கும் ‘டிவைஸ் ட்ரீ’ என்று தனியாக ஒரு கோப்பில் கையால் எழுதித் தர வேண்டும். சிப் ஒன்றுதானே என்று பக்கத்து மாடலின் கோப்பைப் போட்டால் கீபோர்டு வரும், டச்பேட் வராது, அல்லது இரண்டும் வந்து திரை வராது. ஜெர்மனியின் டக்ஸீடோ நிறுவனம் லினக்ஸுக்கென்றே ஒரு ஸ்னாப்டிராகன் லேப்டாப் செய்யக் கிளம்பி, 2025 நவம்பரில் கைவிட்டது. பேட்டரி எதிர்பார்த்த அளவு நிற்கவில்லை, லினக்ஸிலிருந்து பயாஸ் அப்டேட் செய்ய வழியில்லை என்று காரணங்களை அவர்களே சொன்னார்கள். லேப்டாப் விற்பதே தொழிலாக இருப்பவர்கள் கைவிட்டதை நீங்கள் ஒரு சனிக்கிழமை மதியம் முடித்துவிடப் போவதில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள்: விண்டோஸை அழித்துவிடாதீர்கள். சாதனங்களுக்கான ஃபர்ம்வேர் கோப்புகள் பல அந்த விண்டோஸ் பகுதியில்தான் இருக்கின்றன, அங்கிருந்துதான் பிரதி எடுக்க வேண்டும். வீராவேசமாக வட்டு முழுவதையும் துடைத்தவர்கள், அடுத்த நாள் விண்டோஸை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

கே: கேமரா மட்டும் கருப்பாகவே இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய ஐந்நூறு ரூபாய் கேமரா உடனே வேலை செய்கிறது!

ப: அந்த மலிவுக் கேமரா யூஎஸ்பியில் ஒரு பொதுமொழி பேசுகிறது, ஒரே டிரைவர் எல்லாவற்றுக்கும். லேப்டாப்பின் உள்கேமராவை 2022 வாக்கில் பல கம்பெனிகள் வெறும் சென்சாராக மாற்றிவிட்டன. சென்சார் கொடுக்கும் பச்சைத் தகவலைப் படமாக்கும் வேலையை இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் ஐபியு6 என்ற பகுதி செய்ய வேண்டும். அதற்கான அடிப்படை டிரைவர் 2024-இல் கெர்னல் 6.10-இல்தான் சேர்ந்தது. வண்ணம், வெளிச்சம் சரிசெய்யும் வேலையை இன்னும் பல லேப்டாப்களில் மென்பொருளே சுமக்கிறது. உங்கள் முகம் பச்சையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், முன்னேற்றம்தான்.

கே: கைரேகை சென்சார்?

ப: பாஸ்வேர்டை மறக்காமல் இருங்கள்.

கே: என்விடியாவின் டிரைவர் போட்டிருக்கிறேன். ‘உங்கள் கெர்னல் டெயின்டட்’ என்று அறிக்கையைத் தள்ளிவிட்டார்கள். தீண்டாமையா?

ப: கெர்னலுக்குள் கெர்னல்காரர்கள் எழுதாத, சிலசமயம் அவர்கள் பார்க்கவே முடியாத ஒன்று ஓடினால் கெர்னல் தன் நெற்றியில் தானே ஒரு குறி இட்டுக்கொள்கிறது. 2008 கதையை மறுபடி படியுங்கள்: நெட்வொர்க் சிப்பைக் கொன்றது நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. அதனால் அந்த டிரைவரை எடுத்துவிட்டு, பிழை அப்போதும் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வந்தால் யாரும் தள்ள முடியாது.

கே: லினக்ஸ் மட்டும்தானா? ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டியில் சோதிக்க ஆள் வேண்டாமா?

ப: அங்கேதான் உங்களைத் தோளில் தூக்கி வைப்பார்கள். ஃப்ரீபிஎஸ்டி நெடுங்காலம் சர்வர்களின் ராஜாவாக இருந்துவிட்டு, லேப்டாப்பில் வைஃபை வேகத்துக்குத் தவித்தது. 2024-இல் அதன் அறக்கட்டளையும் குவாண்டம் லீப் ரிசர்ச் என்ற நிறுவனமும் சேர்ந்து 7,50,000 டாலர் ஒதுக்கி, தூக்கம், வைஃபை, ஒலி எல்லாவற்றையும் லேப்டாப்புக்குத் தகுந்ததாக்கும் வேலையைத் தொடங்கின. ஓப்பன்பிஎஸ்டியில், எல்லாம் சரியாக ஓடினாலும் உங்கள் டிமெஸ்ஜியை அனுப்பச் சொல்லி ஒரு முகவரியே வைத்திருக்கிறார்கள். ‘ஒரு பிரச்சினையும் இல்லை’ என்பதும் தகவல்தான் என்று புரிந்துகொண்டவர்கள்.

கே: ராத்திரி பகலாக இதைச் செய்கிறேன். அப்பா ‘இதுக்கு எவ்வளவு குடுப்பான்?’ என்கிறார்.

ப: ஒரு பைசா கிடையாது. நீங்கள் சோதித்த மாற்றம் கெர்னலில் சேரும்போது அதன் கீழே ‘டெஸ்டட்-பை’ என்று ஒரு வரி வரும், அதில் உங்கள் பெயர். கெர்னல் உள்ளவரை அழியாது. வேலைக்கான நேர்காணலில் காட்டலாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும் மொழி அது. பெயரோடு மின்னஞ்சல் முகவரியும் அழியாது என்பது உங்களுக்கு மட்டும். பன்னிரண்டாம் வகுப்பில் ஆசையாக வைத்துக்கொண்ட முகவரியிலிருந்து அறிக்கை அனுப்பாதீர்கள்.

கே: புதிய கெர்னலை எந்தக் கட்டத்தில் சோதித்தால் அதிகப் பயன்?

ப: ஒரு கெர்னல் உருவாக ஒன்பது, பத்து வாரம். முதல் இரண்டு வாரம் புது மாற்றங்களை அள்ளிக் கொட்டுவார்கள். பிறகு முதல் சோதனைப் பதிப்பு, ஆர்சி1. அதிலிருந்து வாரம் ஒன்றாக ஆர்சி7 வரை, மனம் ஒப்பாவிட்டால் ஆர்சி8. ஆர்சி7-இல் வந்து ‘என் லேப்டாப் தூங்கவில்லை’ என்றால், திருத்த நேரமில்லாமல் அந்த மாற்றத்தையே எடுத்துவிட வேண்டிவரும், அல்லது உங்களை அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கச் சொல்வார்கள். ஆர்சி2, ஆர்சி3 வாக்கில் வந்தால் எழுதியவருக்கு நேரமும் இருக்கும், எழுதியது நினைவிலும் இருக்கும். இவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வெளிவரும். லினஸ் இருப்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆக நமக்கு அநேகமாகத் திங்கள் விடிகாலை. ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் ஆர்சி1 போடுகிறவர்களை நான் தடுக்கப்போவதில்லை. அந்த அறிக்கைகளும் தேவைப்படுகின்றன.